அம்மாவுக்கு வீடு இருக்கிறதாம்

என் அம்மாவுக்கு வீடு இருக்கிறது என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. அதை முதலில் படித்தவள் நான்தான். ஏற்காடு பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. அங்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஊராருக்கு விண்ணப்பம் தட்டிக் கொடுப்பது அப்போது என் வேலை. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதியோர் பென்ஷன், கரண்ட் கனெக்‌ஷன், எது கேட்டாலும் செய்வேன். ஒருநாள் காலையில் கொஞ்சம் ஓய்வாக இருந்தது. அம்மாவின் விண்ணப்ப எண்ணைப் போட்டுப் பார்த்தேன். 'நிராகரிக்கப்பட்டது' என்று சிவப்பில் வந்தது. கீழே காரணம் போட்டிருந்தார்கள்: 'விண்ணப்பதாரர் நல்ல நிலையில் உள்ள வீட்டில் வசிக்கிறார்.'

நல்ல நிலையாம்! மழை வலுத்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு மூலைக்கு மூலை இடம் மாறுகிற வீடு அது. அந்த வீடும் எங்களுடையது இல்லை. வயிறு எரிகிறது. கோபம் ஆறிய பிறகு எழுது என்று கூடப் படித்தவள் ஒருத்தி புத்தி சொன்னாள். ஆறிவிட்டால் நான் எழுதவே மாட்டேன், எனக்கு என்னைத் தெரியும். அதனால் கொதிக்கிறபோதே எழுதிவிடுகிறேன்.

வெள்ளக்கடைக்குப் போகிற ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, காப்பிச் செடிகளுக்கு நடுவே பத்து நிமிஷம் ஏறினால் எங்கள் லைன் வரும். ஒரே நீளக் கூரையின் கீழ் எட்டு வீடு. எஸ்டேட் கட்டி வேலையாட்களுக்கு விட்டது. ஒரு வீட்டுக்கு ஓர் அறை, பின்னால் ஒரு சமையல் மூலை. சுவர் கல். கூரை தகரம், நான் பிறப்பதற்கு முன்னால் போட்டது. அப்பாவைப் பெற்றவர் சமவெளியிலிருந்து காப்பி வேலைக்காக மலையேறி வந்தவர். மூன்று தலைமுறை இங்கேயே பிறந்து இங்கேயே சாகிறோம். ஆனாலும் நாங்கள் மலைக்காரர்கள் இல்லை. மலைக்காரர்களுக்கு மஞ்சக்குட்டைப் பக்கம் ராகி விளைகிற காடு இருக்கிறது, தாத்தன் பேரில் வீடு இருக்கிறது. எங்களுக்கு இருப்பது லைன்.

லைன் வீட்டுக்கு ஒரே சட்டம்தான். வீட்டில் யாராவது ஒருவர் பேர் செக்ரோலில் இருக்க வேண்டும். செக்ரோல் என்பது எஸ்டேட் ஆட்களின் வருகையை எழுதுகிற நீளப் புத்தகம். அதை எழுதுகிறவர் ரைட்டர். பேர் இருக்கிறவரை வீடு இருக்கும். அறுபது வயதானால் பேரை அடித்துவிடுவார்கள், அடித்த கையோடு சாவியை ரைட்டர் கையில் கொடுத்துவிட வேண்டும். அதனால் அப்பனுக்கு அறுபது நெருங்கும்போதே மகன் பேரையோ மருமகள் பேரையோ எழுதிவிடுவார்கள். பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்த பெண்ணை நிறுத்தி, வீட்டுக்காகப் பேர் கொடுக்க வைத்த கதை எங்கள் லைனிலேயே உண்டு. அந்தப் பெண் எனக்கு இரண்டு வயது மூத்தவள். என்னைவிட நன்றாகப் படித்தவள்.

அப்பா செத்தபோது நான் எட்டாவது. செக்ரோலில் மிச்சமிருந்தது அம்மா பேர் மட்டும். அன்றைக்கே அம்மா முடிவு கட்டிவிட்டாள். "என்ற பேரோட இது முடியோணும் கண்ணு. உன்ற பேரு அந்தப் பொஸ்தகத்துல ஏறக் கூடாது" என்பாள். காப்பிப் பழம் எடுத்தாள், மிளகு பறித்தாள், செடிகளைக் கழித்துவிடுகிற கவ்வாத்து நாளில் ஆணுக்குச் சமமாகக் கத்தி பிடித்தாள், என்னைச் சேலத்துக் கல்லூரிக்கு அனுப்பினாள். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, அதே இருபது ஏறி, மூன்று வருஷம் வாந்தி எடுத்துக்கொண்டே பட்டம் வாங்கினேன். கல்யாணமும் ஆயிற்று. அது சரிப்படவில்லை, திரும்பி அம்மாவிடமே வந்துவிட்டேன். அதைப் பற்றி இங்கே எழுத ஒன்றுமில்லை.

வருகிற தை மாதக் கடைசியில் அம்மாவுக்கு அறுபது முடிய இருந்தது. அதோடு வீடும் முடியும். என் பேரைக் கொடுத்தால் வீடு நிற்கும். கொடுக்கக் கூடாது என்பது அம்மாவின் பிடிவாதம், எனக்கும் அதே பிடிவாதம். அப்படியானால் தைக்குள் தலைக்கு மேலே ஒரு கூரை தேட வேண்டும்.

வாடகைக்குப் போகலாமே என்பீர்கள். ஏற்காட்டில் வாடகைக்கு வீடு தேடிப் பார்த்திருக்கிறீர்களா? ஓர் அறை மிச்சம் இருக்கிற வீடெல்லாம் ஹோம்ஸ்டே ஆகிவிட்டது. மாடு கட்டியிருந்த கொட்டகைக்கு டைல்ஸ் ஒட்டி, வாசலில் ஒரு பல்பைத் தொங்கவிட்டு, அதற்கும் பேர் காட்டேஜ். தெரிந்த ஒரு வீட்டுக்காரம்மாவிடம் போய்க் கேட்டேன். "மாச வாடகைங்களா? நாங்க நாள் வாடகைக்குத்தானுங்க உடறோம். சனி ஞாயிறு ரெண்டு நாள் வந்தாவே உங்க மாச வாடகை வந்துருமுங்களே" என்றார். பொய் சொல்லவில்லை பாவம், அவருக்கும் பிழைப்பு. ஆனால் குளிருக்காக வருகிறவனுக்கு இடம் இருக்கிறது, குளிரிலேயே கிடக்கிறவளுக்கு இடம் இல்லை என்றால் அது என்ன ஊர்? மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு பலகை வைத்திருக்கிறார்கள், மலையில் உங்கள் சொந்த வீடு, மேகத்துக்குள் உங்கள் வில்லா என்று. வாங்கினவர்கள் வருஷத்துக்கு இரண்டு முறை வருகிறார்கள். மற்ற நாளெல்லாம் அந்த வீடுகளில் பூட்டுதான் குடியிருக்கிறது.

இந்த நேரத்தில்தான் அந்தத் திட்டம் வந்தது. சொந்த வீடில்லாத குடும்பங்களுக்கு மனைப் பட்டா தருவோம், வீடு கட்டவும் உதவுவோம் என்று ஊராட்சியில் நோட்டீஸ் ஒட்டினார்கள். அம்மாவின் விண்ணப்பத்தை நானே தட்டினேன். எத்தனை பேருக்குத் தட்டியிருக்கிறேன், ஒரு கமா தப்பாது. 'சொந்த வீடு உள்ளதா?' இல்லை. 'நிலம் உள்ளதா?' இல்லை. ரேஷன் கார்டு, ஆதார், எல்லாம் சரி. இரண்டு வாரத்தில் போனுக்கு மெசேஜ் வந்தது, வியாழக்கிழமை வீட்டைப் பார்வையிட ஆள் வருவார் என்று.

பார்வையிட என்ற சொல்லை நான் அம்மாவிடம் படித்துக் காட்டியிருக்கவே கூடாது.

எங்களைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். நான் சின்னவளாக இருந்தபோது மாதத்துக்கு ஒருமுறை மேனேஜர் லைனைப் பார்வையிட வருவார். பின்னாலேயே ரைட்டர் நோட்டோடு வருவார். வாசல் கூட்டாத வீடு, கரி படிந்த சுவர், மூடாத தண்ணீர்க் குடம், எல்லாம் நோட்டில் ஏறும். ஒரே வீடு இரண்டு தடவை ஏறினால், காலி பண்ணு என்ற பேச்சு வந்துவிடும். சுத்தமான வீட்டுக்குத் தீபாவளிக்கு ஒரு பிளாஸ்டிக் குடம் கிடைக்கும். எங்கள் வீட்டில் அப்படி வந்த குடம் நாலு இருக்கிறது. நோட்டோடு ஆள் வந்தால் வீடு பளிச்சென்று இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வீடு போய்விடும். இது எங்கள் லைனில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

"வெசாழக்கெழமையா? ஐயோ சாமி, செவுரெல்லாம் கரியாக் கெடக்குதே!" என்றாள் அம்மா. அவ்வளவுதான், லைனே கிளம்பிவிட்டது. நான் டவுனிலிருந்து சுண்ணாம்பும் நீலமும் வாங்கி வந்தேன். ஆமாம், நானேதான் வாங்கி வந்தேன். நூறு விண்ணப்பம் தட்டின இந்தக் கைதான் அந்தச் சுண்ணாம்பையும் கரைத்தது. புதன்கிழமை அம்மா அரை நாள் லீவு போட்டாள், இரண்டு பேருமாக வெள்ளையடித்தோம். பக்கத்து வீட்டு அக்கா இரண்டு நாற்காலியும் டேபிள் ஃபேனும் கொண்டு வந்து போட்டார். அவர் மகள் சீருக்கு எடுத்த ரோஜாப்பூப் போட்ட சேலையை எடுத்து வந்து, தகரத்துக்கு அடியில் நாலு மூலைக்கும் இழுத்துக் கட்டினோம். லைனில் விசேஷம் என்றால் அப்படிக் கட்டுவதுதான் வழக்கம். துரு உதிர்ந்து விருந்தாளி இலையில் விழக் கூடாதில்லையா?

வந்தவர் சின்ன வயசுக்காரர். மூச்சு வாங்க ஏறி வந்து, வாசலில் ஷூவைக் கழற்றினார். அம்மாவுக்கு அதிலேயே மனசு நிறைந்துவிட்டது. "வாங்க வாங்க, உக்காருங்க, காப்பி குடிச்சுட்டு எழுதலாமுங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவர் போனை எடுத்துச் சுவரைப் படம் பிடித்தார், தரையைப் படம் பிடித்தார், அண்ணாந்து சேலையையும் பிடித்துக்கொண்டார்.

"ஃபேன் உங்களுதுங்களாம்மா?"

அம்மா திரும்பி வாசலைப் பார்த்தாள். ஃபேன்காரி அக்கா அங்கேதான் நின்றிருந்தார். இரவல் என்று சொன்னால் இரண்டு பேருக்கும் மானக்கேடு. அக்காவே முந்திக்கொண்டு, "அவங்களுதுதானுங்க" என்றார்.

"நொம்ப நல்லா வெச்சிருக்கீங்கம்மா. இந்த லைன்ல நா பாத்ததுல இதுதான் நல்ல ஊடு" என்று சொல்லிவிட்டு அவர் காப்பியைக் குடித்தார். அம்மா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்! ஐந்தாவது குடம் வாங்கினவள் மாதிரி நின்றாள். நானும் பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அதை நினைத்தால் இப்போதும் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அதற்கு மூன்று வாரம் கழித்துத்தான் நான் சொன்ன அந்தச் சிவப்பு எழுத்து. திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன், ஒருவர் வந்து கவுண்டரில் கை ஊன்றினார். வெளியூர்க்காரர். மலைமேல் வில்லா வாங்குகிறவர். முதல் வீடு வாங்குகிறவர்களுக்கு வங்கி வட்டியில் சலுகை இருக்கிறதாமே, அதற்கு விண்ணப்பிக்க வேண்டும் என்றார். பேச்சுவாக்கில் அவருக்கு ஏற்கெனவே இரண்டு வீடு இருப்பதும் தெரிந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன். "பையன் பேர்ல வாங்கறேம்மா. அவன் பேர்ல ஒண்ணுமே இல்ல. சட்டப்படி அவன் வீடில்லாதவன்" என்று சிரித்தார்.

நான் தட்டினேன். 'சொந்த வீடு உள்ளதா?' இல்லை. அம்மாவுக்குத் தட்டின அதே சொல், அதே விரல்.

அந்த விண்ணப்பம் தேறிவிட்டது. பிறகு ஒருநாள் அவர் மைசூர்பாக் டப்பாவோடு வந்தார், "பையனோட மொத வீடும்மா, எடுத்துக்கங்க" என்றார். நான் தொடவில்லை, கடை முதலாளி மேஜையில் வைத்துவிட்டேன். அந்த மனிதர் யாரையும் ஏமாற்றவில்லை. ஒரு பொய் எழுதவில்லை. எல்லாமே விதிப்படிதான் நடந்தது. அதுதான் எனக்குத் தாங்க முடியாத ஆத்திரம். ஏமாற்றியிருந்தால் புகார் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். எல்லாருக்கும் சொந்த வீடு, எல்லாருக்கும் சொந்த வீடு என்று ரேடியோவிலும் பஸ் முதுகிலும் கூவுகிறார்கள். ஏற்கெனவே வீடு இருக்கிறவனுக்குத்தான் அது காதில் விழுகிறது, அவனுக்குத்தான் வழியும் தெரிகிறது.

சிவப்பு எழுத்தைப் பார்த்த அன்றைக்கு மத்தியானமே கடையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுத் திட்டத்துக்கான அலுவலகத்துக்குப் போயிருந்தேன். அங்கே இருந்த பெண் அதிகாரி பொறுமையானவர். அவசரப்படாமல் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். எங்கள் வீட்டுப் படம். வெள்ளை வெளேரென்று சுவர், தலைக்கு மேலே ரோஜாப்பூ, நடுவில் ஃபேன். சனிக்கிழமை வாடகைக்கு விடுகிற ரூம் மாதிரி இருந்தது. "நீங்களே சொல்லுங்கம்மா, இதைப் பாத்தா என்ன எழுதறது?" என்று கேட்டார்.

மேல்முறையீடு எழுதிக் கொடுத்தால் மறுபடி ஆள் அனுப்புவதாகச் சொன்னார். அதோடு, கீழே சேலத்துக்கு வெளியே அரசு அடுக்குமாடியில் மூன்றாவது மாடி காலியாக இருக்கிறது, பங்குத் தொகை கட்டினால் உடனே சொந்தம், அதையும் பாருங்கள் என்றார். வெளியே வரும்போது அங்கே வேலை செய்கிற வயசான ஊழியர் ஒருவர் பின்னாலேயே வந்தார். "ஏனுங்க, அடுத்த தடவ கொஞ்சம் கலைச்சு வெச்சுருங்க. இப்பிடி சுத்தமா இருந்தா ஏழைன்னு எவன் நம்புவான்?" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

சேலத்து அடுக்குமாடியையும் போய்ப் பார்த்தோம். அம்மா மூன்று மாடியும் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். லிஃப்ட் என்று எழுதின கதவு இருந்தது, உள்ளே லிஃப்ட் இல்லை. அம்மா ஜன்னல் வழியாக மலையைத் தேடினாள், எதிரே இன்னொரு அடுக்குமாடிதான் தெரிந்தது. ஆனாலும் திரும்பி வரும்போது பஸ்ஸில், "பரவால்ல கண்ணு, இங்கயே வந்துருவோம்" என்றாள். எனக்காகச் சொன்னாள். அதுவும் நடக்கவில்லை. பங்குத் தொகைக்குக் கடன் கேட்டு வங்கிக்குப் போனால், அம்மாவுக்கு வயசு அதிகம், எனக்குச் சம்பளச் சீட்டு இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

ஆக மிஞ்சினது மேல்முறையீடு. மறு பார்வைக்குத் தேதி வந்தது. அதற்கு முந்தின சாயங்காலம் நான் சீக்கிரமே வீட்டுக்கு வந்து, அடுப்புக் கரியைச் சுரண்டித் தண்ணீரில் கரைத்தேன். ஒரு பழந்துணியை முக்கி, அம்மா அடித்த வெள்ளைச் சுவரில் தேய்க்க ஆரம்பித்தேன். பாதிச் சுவர் ஆகியிருக்கும். பழம் எடுத்துவிட்டு அம்மா வந்து வாசலில் நின்றாள்.

"என்ன பண்ணுற?"

"ஊடு வாங்கறேன்" என்றேன்.

அவள் கையில் இருந்த தூக்குவாளியைக் கீழே வைத்தாள். "நிறுத்து. இத்தன வருசத்துல இந்தச் செவுத்துல ஒருத்தன் கை நீட்டி ஒரு கொறை சொன்னதில்ல. நாறிக் கெடந்தாத்தான் குடுப்பானுங்கன்னா அந்த ஊடு எனக்கு வேண்டாஞ் சாமி."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "வேண்டாமா? தை முடிஞ்சா எங்க போவே? சேர்வராயன் கோயில் குகைக்குள்ள போயிப் படுத்துக்குவியா?" என்று கத்தினேன். எட்டு வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

"படுத்துக்குவேன். அதையும் கூட்டிப் போட்டுத்தான் படுப்பேன்" என்றாள் அம்மா.

கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவளுக்கு வரவில்லை. என் கையிலிருந்த துணியைப் பிடுங்கிப் போட்டாள். வேறு துணியை நனைத்து, நான் பூசின கரியைத் துடைக்க ஆரம்பித்தாள். துடைக்கத் துடைக்கச் சுவர் சாம்பல் நிறமாயிற்று. மிச்சமிருந்த சுண்ணாம்பைக் கரைத்து அதன்மேல் அடித்தாள். நான் மூலையில் உட்கார்ந்து அழுதேன், ஆத்திரத்தில்தான். கொஞ்ச நேரம் கழித்து அம்மா தணிந்த குரலில் சொன்னாள், "அந்தச் சேலைய அவுத்து அவங்ககிட்டக் குடுத்துரு. சேரும் ஃபேனும் குடுத்துரு. அது பொய்யி. செவுரு பொய்யில்ல கண்ணு, அது நாம அடிச்சது." அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஏணி வைத்து ஏறிச் சேலையை அவிழ்த்தேன், துரு பொலபொலவென்று என் தலையில் கொட்டியது.

மறுநாள் வந்தவர் வேறு ஆள், வயசானவர். நின்றுகொண்டே அண்ணாந்து பார்த்தார். தகரத்தில் விரல் நுழைகிற ஓட்டை அங்கங்கே. "கூரை மோசந்தான்" என்று தானாகவே சொல்லி எழுதிக்கொண்டார். எனக்கு உயிர் வந்தது. நான் உடனே கண்ணை மூடி வேண்டிக்கொள்ளக்கூடச் செய்தேன். அப்போது அவர் கேட்டார்:

"இந்த ஊடு யாருதுங்கம்மா?"

"எஸ்டேட்டுதுங்க" என்றாள் அம்மா.

அவர் எழுதுவதை நிறுத்தினார். "அப்ப வேலை குடுக்கறவங்க ஊடு குடுத்திருக்காங்க. வீடில்லாதவங்கன்னு எப்பிடி எழுதறதுங்க?"

"தை முடிஞ்சா காலி பண்ணோணுங்க" என்றேன் நான்.

"காலி பண்ணுன பொறவு எழுதிக் குடுங்க. அப்ப நீங்க வீடில்லாதவங்கதான்."

"அப்ப எந்த விலாசத்துலீங்க எழுதறது?"

"இந்த ஊராட்சிக்குள்ள இருக்கற விலாசந்தான். வேற ஊருக்குப் போயிட்டா இந்த லிஸ்டுல சேக்க முடியாதுங்களே."

"ஊடே இல்லாதவங்களுக்கு விலாசம் எங்கிருந்துங்க வரும்?"

அவர் என்னைப் பார்த்தார், ஃபாரத்தைப் பார்த்தார். நிஜமாகவே யோசித்தார் மனிதர். பிறகு பேனாவைச் சட்டைப் பையில் செருகினார். "நா என்னம்மா பண்றது? ஃபாரத்துல அப்பிடித்தான் இருக்குது" என்றார்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி நல்லவன்தான், அவன் கையிலும் ஒன்றுமில்லை. லைனுக்குள் இருந்தால் அம்மாவுக்கு வீடு இருக்கிறது, கிடையாது போ. லைனை விட்டு வந்தால் அம்மாவுக்கு ஊரே இல்லை, கிடையாது போ. இந்தக் கேள்விகளை எழுதினவன் எந்த ஊரில் உட்கார்ந்து எழுதினானோ! அவனுக்கு வாடகை வீடு தெரியும், சொந்த வீடு தெரியும், குடிசை தெரியும். வேலை இருக்கிறவரை மட்டும் இருக்கிற வீடு என்று ஒன்று உண்டென்று அவனுக்குத் தெரியவே தெரியாது. மலைக்கு வந்து காப்பி மட்டும் வாங்கிக்கொண்டு போயிருப்பான். நாசமாய்ப் போக.

தை பிறந்தது. ரைட்டர் ஒருநாள் லைனுக்கே வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். "ஏம்மா, சாவி எப்பக் குடுக்கறீங்க? பாப்பா பேரைக் குடுத்தா அந்தப் பேச்சே இல்லையே" என்றார். அம்மா, "அது மட்டும் நடக்காதுங்க" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கே பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்தாள். எங்கே கொண்டு போகப் போகிறாள் என்று நான் கேட்கவில்லை. அவளுக்கே தெரியாது. கட்டுவாள், மறுநாள் சமைக்கப் பாத்திரம் வேண்டுமே என்று அவிழ்ப்பாள். நாலு நாள் அப்படி அவிழ்த்துக் கட்டினாள். நான் நாலு நாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாவது நாள் கடை முதலாளியிடம் வேலையை விடுவதாகச் சொன்னேன். அம்மாவிடம் சொல்லவில்லை. அவளுடைய கடைசி வேலை நாளன்று காலையில், அவள் கிளம்புவதற்கு முன்னாலேயே, எஸ்டேட்டில் ஆள் எடுக்கிற இடத்துக்குப் போய் வரிசையில் நின்றேன். பழம் போட்டுக்கொள்கிற சாக்கை இடுப்பில் கட்டியிருந்தேன், பக்கத்து வீட்டு அக்காவிடம் வாங்கினது. ரைட்டர் என்னைப் பார்த்துப் பேனாவை எடுத்தார், உடனே எழுதவில்லை. "படிச்ச புள்ளையாச்சே கண்ணு. அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். "எழுதுங்க" என்றேன். எழுதினார். அப்பா பேர் என்ன, வயசு என்ன என்று கேட்டார். என்ன படித்தேன் என்று கேட்க அந்தப் புத்தகத்தில் இடம் இல்லை.

அம்மா தூக்குவாளியோடு வந்தாள். முதலில் என்னை அடையாளம் தெரியவில்லை. வரிசையில் யாரோ புது ஆள் என்று பார்த்துக்கொண்டே வந்தாள், பிறகு நின்றாள். சத்தம் போடுவாள் என்று காத்திருந்தேன். எல்லார் முன்னாலும் இரண்டு அறை விட்டால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். ரைட்டர் புத்தகத்தைப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டார்.

அம்மா என் பக்கத்தில் வந்தாள். தூக்குவாளியை மண்ணில் வைத்தாள். என் இடுப்பில் இருந்த முடிச்சை அவிழ்த்து, சாக்கை இரண்டாக மடித்து, பக்கவாட்டில் இழுத்து மறுபடி கட்டினாள். "முன்னால முடிச்சுப் போட்டா, பழம் சேரச் சேர வவுத்த அறுத்துரும். பக்கத்துலதான் போடோணும்" என்றாள்.

அதை எனக்குச் சொல்லிக் கொடுக்கிற நாள் வரக் கூடாது என்றுதான் அவள் இத்தனை வருஷம் பழம் எடுத்தாள்.